தாத்தாவோட 300 ரூபாயும் உங்க 60,000 ரூபாயும்

தம்பி, நீங்க கேட்டது இது தான்: "எங்க தாத்தா பெரம்பூர் ரயில்வேல 1970-ல 300 ரூபா சம்பளம் வாங்கி ஆறு பேர் குடும்பத்த நடத்துனாரு, லோன் போட்டு அரை கிரவுண்டுல வீடும் கட்டுனாரு. நான் 60,000 வாங்கியும் 25-ஆம் தேதிக்கு மேல கைல காசு நிக்கல. கவர்ன்மென்ட் நோட்டு அடிச்சு அடிச்சே ரூபாயை ஒண்ணுமில்லாம ஆக்கிட்டாங்களா? அப்படின்னா நாம ஏன் ஜிம்பாப்வே மாதிரி ஆகல?" பாக்க ஒரே கேள்வி மாதிரி இருக்கு, ஆனா உள்ள ரெண்டு கேள்வி ஒட்டிக்கிட்டு இருக்கு. விலை ஏன் இவ்ளோ ஏறுச்சுங்கிறது ஒண்ணு, தாத்தாவால முடிஞ்சது உங்களால ஏன் முடியலங்கிறது இன்னொண்ணு. ரெண்டுக்கும் ஒரே பதில்னு நினைச்சுக்கிட்டு தான் குடும்ப வாட்ஸப் குரூப்ல எல்லாரும் அடிச்சுக்கிறாங்க.

நான் புள்ளியியல் துறைல இருந்து ரிட்டயர் ஆனவன். விலைவாசி குறியீட்டுக்காக சென்னை மார்க்கெட்டுல கடை கடையா ஏறி எறங்கி ரேட் எழுதுன ஆள், பின்னாடி ஆபீஸ்ல உக்காந்து அதே மாதிரி தாளை சரிபாத்த ஆள். ரிசர்வ் பேங்க் ரூமுக்குள்ள என்ன பேசிக்கிட்டாங்கன்னு கிட்ட இருந்து பாத்தவன் இல்ல. அதனால பாலிசி சம்பந்தமா சொல்றத ஓரளவு படிச்ச ஒருத்தனோட கருத்தா எடுத்துக்கோங்க, விலை எப்படி எடுக்கிறாங்கங்கிற விஷயத்துல மட்டும் கொஞ்சம் அடிச்சு பேசுவேன்.

முதல்ல கணக்கு. மத்திய அரசோட லேபர் பீரோ மாசா மாசம் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீடுன்னு ஒண்ணு வெளியிடும், டி.ஏ. (அகவிலைப்படி) ஏறுறது இதை வச்சு தான். 1960-ஐ 100-னு வச்சு ஒரு தொடர் ஓடுச்சு, அப்புறம் அடிப்படை வருஷத்த 1982, 2001, 2016-னு மாத்திக்கிட்டே வந்தாங்க. மாத்துற ஒவ்வொரு தடவையும் பழசையும் புதுசையும் இணைக்க ஒரு எண் குடுப்பாங்க, லிங்க்கிங் ஃபேக்டர்னு சொல்லுவோம். 1960-ல இருந்து 1982-க்கு 4.93, அங்கேருந்து 2001-க்கு 4.63, அங்கேருந்து 2016-க்கு 2.88. மூணையும் பெருக்குனா 66 கிட்ட வரும். 2016 தொடர்ல 2025 நடுவுல குறியீடு 145 பக்கம் நின்னுச்சு, அதாவது 1.45 மடங்கு, அதையும் சேத்து பெருக்குனா 95. அதாவது 1960-ல 1 ரூபாய்க்கு வாங்குன சாமானுக்கு இப்போ 95 ரூபா. கேக்க பயமா இருக்கும், ஆனா 65 வருஷத்துல 95 மடங்குன்னா வருஷத்துக்கு சராசரியா 7 சதவீதம் தான், மீதி எல்லாம் கூட்டு வட்டி பண்ற வேலை.

1970-ல அந்தக் குறியீடு 184. அப்போ 1970 ரூபா ஒண்ணு இன்னிக்கு சுமாரா 51, 52 ரூபாய்க்கு சமம். தாத்தாவோட 300 ரூபா இந்தக் கணக்குல 15,500. நீங்க வாங்குறது அதுக்கு நாலு மடங்கு. கோவப்படாதீங்க, உங்க கஷ்டம் பொய்னு நான் சொல்லல, அதுக்கு அப்புறமா வரேன். ஆனா "ரூபா செல்லாக்காசு ஆயிடுச்சு, அதனால தான் முடியல"ங்கிற விளக்கம் மட்டும் இந்தக் கணக்குல நிக்காது, ஏன்னா விலை ஏறுனதுக்கு மேல உங்க சம்பளம் ஏறியிருக்கு.

அந்த லிங்க்கிங் ஃபேக்டர்லயே இன்னொரு விஷயம் ஒளிஞ்சிருக்கு, நிறைய பேர் கவனிக்கிறதில்ல. 1960-ல இருந்து 1982 வரைக்கும் வருஷ சராசரி 7 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல. 1982-ல இருந்து 2001 வரைக்கும் 8. 2001-ல இருந்து 2016 வரைக்கும் மறுபடி 7. 2016-க்கு அப்புறம் 4 சொச்சம். பெரியவங்கள கேட்டீங்கன்னா எல்லாரும் 1974-ஐ தான் சொல்லுவாங்க, "அப்போ பட்ட பாடு இருக்கே"ன்னு. ஆனா ரூபாயோட மதிப்ப அதிகமா அரிச்சது யாரும் பெருசா ஞாபகம் வச்சுக்காத அந்த எண்பதும் தொண்ணூறும் தான். என்னோட கருத்துல இந்தியாவோட விலைவாசி வரலாற்றுல முக்கியமான விஷயமே இது தான்: ஜனங்கள போராட ரோட்டுக்கு கொண்டு வந்தது திடீர் ஏத்தம், சேமிப்ப தின்னது நிதானமான ஏத்தம், ரெண்டுக்கும் காரணம் வேற வேற.

திடீர் ஏத்தத்த முதல்ல பாத்துடலாம். சுதந்திரம் வந்த புதுசுல யாரும் விலைவாசிய பெரிய ஆபத்தா நினைக்கல. 1951-ல ஆரம்பிச்ச முதல் அஞ்சாண்டு திட்டம் முடியும்போது விலைவாசி ஆரம்பத்துல இருந்தத விட கம்மியா இருந்துச்சு, இன்னிக்கு சொன்னா யாராவது நம்புவாங்களா. 1952-ல ராஜாஜி மெட்ராஸ்ல உணவு ரேஷன் கட்டுப்பாட்ட எடுத்ததும் அந்த தைரியத்துல தான். அறுபதுல எல்லாம் தலைகீழ் ஆச்சு. 1962-ல சீனா போர், 1965-ல பாகிஸ்தான் போர், ராணுவச் செலவு எகிறுச்சு. அதுக்கு மேல 1965-66, 1966-67-னு அடுத்தடுத்து ரெண்டு வருஷம் வறட்சி. அமெரிக்காவுல இருந்து பி.எல். 480-ங்கிற உணவு உதவிச் சட்டப்படி கோதுமை கப்பல்ல வந்தா தான் சாப்பாடுங்கிற நிலைமை. 1966 ஜூன் 6-ஆம் தேதி டாலருக்கு 4.76 ரூபாயா இருந்தத 7.50 ஆக்குனாங்க. அரிசி சாப்பிடுற நம்ம ஊர்ல கோதுமைய வச்சு என்ன பண்றது, மெட்ராஸ்ல அரிசிக்கு க்யூ. 1967 தேர்தல்ல அண்ணா "ரூபாய்க்கு மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்"னு சொன்னது அந்த க்யூவுல நின்ன ஆளப் பாத்து தான். இந்தி எதிர்ப்புப் போராட்டம் தான் காங்கிரஸ தோக்கடிச்சதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது பெரிய காரணம் தான், ஆனா அரிசிய விட்டுட்டு அந்தத் தேர்தல் கதைய சொல்றவங்க பாதிக் கதைய தான் சொல்றாங்க. ஜெயிச்சதுக்கு அப்புறம் ரூபாய்க்கு ஒரு படி திட்டத்த சென்னைலயும் கோயம்புத்தூர்லயும் ஆரம்பிச்சாங்க, மாநிலம் முழுக்க நடத்த கஜானா தாங்கல. அதுக்கு முன்னாடியே 1965-ல மத்திய அரசு இந்திய உணவுக் கழகத்த ஆரம்பிச்சிருந்துச்சு, தலைமை ஆபீஸ் முதல்ல சென்னைல தான், முதல் மாவட்ட ஆபீஸ் தஞ்சாவூர். 1972-ல நம்ம மாநிலத்தோட நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்துச்சு. இன்னிக்கு இருக்கிற ரேஷன் கடைக்கு வேர் இங்க தான் இருக்கு.

1973-74 தான் உங்க தாத்தா நேரடியா பட்டிருக்க வேண்டிய காலம். வங்கதேசப் போர் செலவு, அகதிகள் செலவு, 1972 வறட்சி, எல்லாம் சேந்து விலை ஏற்கனவே கொதிச்சுக்கிட்டு இருந்தப்போ 1973 கடைசில அரபு நாடுங்க எண்ணெய் விலைய நாலு மடங்கு ஆக்குனாங்க, பேரல் 3 டாலர்ல இருந்து 12 டாலர் பக்கம். 1970-71-ல 186-ஆ இருந்த தொழிலாளர் குறியீடு 1974-75-ல 317. நாலு வருஷத்துல 70 சதவீதம். மொத்த வியாபார விலைய வச்சு எடுக்கிற மொத்த விலைக் குறியீடு 1974 செப்டம்பர்ல முந்தின வருஷத்த விட 30 சதவீதத்துக்கு மேல நின்னுச்சு, சுதந்திர இந்தியா பாத்த உச்சம் அது. அந்த வருஷம் மே மாசம் நடந்த ரயில்வே ஸ்ட்ரைக் மூணு வாரம் நாட்டையே நிறுத்துச்சு. அதுல சம்பளம், போனஸ், வேலை நேரம்னு பல கோரிக்கை இருந்தாலும் பின்னாடி இருந்த கொதிப்பு விலைவாசி தான். வீட்டுல பெரியவங்க இருந்தா கேட்டுப் பாருங்க, பெரம்பூர் ரயில்வே குடும்பத்துல அந்த மே மாசத்துக்கு ஒரு கதை கண்டிப்பா இருக்கும்.

ஜூலைல இந்திரா அரசு போட்ட மருந்து கசப்பானது. ஏறுற டி.ஏ.-ல பாதியையும் சம்பள உயர்வு முழுசையும் கட்டாய டெப்பாசிட்ல போட சொன்னாங்க, கம்பெனிங்க குடுக்குற டிவிடெண்டுக்கு வரம்பு வச்சாங்க, ரிசர்வ் பேங்க் மத்த பேங்குங்களுக்கு கடன் குடுக்கிற வட்டிய, அதான் பேங்க் ரேட்ட, 7-ல இருந்து 9 ஆக்குனாங்க. விலை அக்டோபர்ல இருந்து எறங்க ஆரம்பிச்சுது. 1975-76-ல மொத்த விலை போன வருஷத்த விடவே கம்மி ஆயிடுச்சு. இங்க ஒரு பழைய சண்டைய தீத்து வைக்கணும். "எமர்ஜென்சில தான் விலை எறங்குச்சு, அந்த மாதிரி கண்டிப்பு வேணும்"னு இன்னிக்கும் சொல்ற ஆளுங்க இருக்காங்க. எமர்ஜென்சி வந்தது 1975 ஜூன், விலை எறங்க ஆரம்பிச்சது அதுக்கு எட்டு மாசம் முன்னாடி. தேதி தெளிவா இருக்கு. அதுக்கப்புறம் 1975-ல மழையும் நல்லா பெஞ்சுது. எறங்குனதுல கட்டாய டெப்பாசிட்டோட பங்கு எவ்ளோ, மழையோட பங்கு எவ்ளோங்கிறத யாராலயும் பிரிச்சு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா பதுக்கல்காரன ஜெயில்ல போட்டதால எறங்குச்சுங்கிறது காலக்கணக்குலயே ஒத்து வராது.

1979-80 கிட்டத்தட்ட அதே கதையோட ரெண்டாம் ஆட்டம்: ஈரான் புரட்சி, எண்ணெய், வறட்சி, மொத்த விலை ஏத்தம் 17, 18 சதவீதம், 1980 தேர்தல்ல வெங்காய விலையே பிரச்சாரம்.

இனிமே தான் உங்க நோட்டு அடிக்கிற கேள்வி. ஆமா, அடிச்சாங்க, ஆனா எப்படி அடிச்சாங்கங்கிறது சுவாரஸ்யமானது. 1955-ல அரசுக்கும் ரிசர்வ் பேங்குக்கும் நடுவுல ஒரு ஏற்பாடு வந்துச்சு. வெள்ளிக்கிழமை அரசுக் கணக்குல 50 கோடிக்கு கீழ காசு இருந்தா ரிசர்வ் பேங்க் தானாவே அட்-ஹாக் டிரெஷரி பில்னு அரசோட கடன் சீட்டு ஒண்ண வாங்கிக்கிட்டு, புதுசா பணம் விட்டு அந்தப் பள்ளத்த ரொப்பிடும். யாரும் கையெழுத்து கேட்டு நிக்க வேணாம், பார்லிமெண்ட்ல விவாதம் வேணாம். சும்மா தற்காலிக கைமாத்துன்னு நினைச்சு ஆரம்பிச்சது, 91 நாள்ல திருப்பணும்னு பேரு, ஆனா பழச அடைக்க புதுச போட்டுக்கிட்டே போனாங்க. 1974-ல இருந்து அதுக்கு வட்டி வெறும் 4.6 சதவீதம், கடைசி வரைக்கும் மாறல. விலைவாசி 8 சதவீதம் ஏறும்போது 4.6-ல கடன் கிடைச்சா எந்த அரசு தான் செலவ குறைக்கும். எண்பதுகள் முழுக்க பற்றாக்குறை இப்படி ஓடுச்சு. இதோட விளைவ சமாளிக்க ரிசர்வ் பேங்க் பண்ணது என்னன்னா, வெளிய விட்ட பணத்த பேங்குங்க கடனா குடுக்க விடாம பூட்டுனாங்க. 1990 வாக்குல சி.ஆர்.ஆர்., அதாவது டெப்பாசிட்ல ரிசர்வ் பேங்க்ல வச்சே ஆகவேண்டிய பங்கு, 15 சதவீதம், எஸ்.எல்.ஆர்., அதாவது பெரும்பாலும் அரசுப் பத்திரத்துல போட்டே ஆகவேண்டிய பங்கு, 38.5. நீங்க பேங்க்ல போட்ட 100 ரூபால 53.50 அங்கேயே முடங்கிடும். அதனால தான் நம்ம ஊர்ல பணவீக்கம் 8-லயே நின்னுச்சு, 80-க்கு போகல. பதிலுக்கு கடன் கிடைக்காம சின்ன தொழில் பண்றவன் கந்துவட்டிக்கு போனான், அந்த விலை எந்தக் குறியீட்டுலயும் வராது.

இந்தக் காலத்துல அடி வாங்குனது யாருன்னா போஸ்ட் ஆபீஸ்லயும் பேங்க்லயும் போட்டு வச்சவங்க, எல்.ஐ.சி. பாலிசிய நம்புனவங்க. பொண்ணு கல்யாணத்துக்குன்னு 1960-ல 10,000 ரூபாய்க்கு பாலிசி எடுத்து 25 வருஷம் பிரீமியம் கட்டி வாங்குனவருக்கு, அந்த 10,000-த்தோட மதிப்பு 1,600, 1,700 அளவுக்கு சுருங்கி இருந்துச்சு. போனஸ் சேத்தாலும் பெருசா தேறல. யாரும் போராட ரோட்டுக்கு வரல, ஏன்னா பாலிசி பேப்பர்ல போட்டிருந்த தொகை கைக்கு வந்துச்சுல்ல.

1991-ல கணக்கு வெடிச்சுது. வளைகுடாப் போர், எண்ணெய் விலை, கைல சில வார இறக்குமதிக்கு மட்டும் தான் அன்னியச் செலாவணி, தங்கத்த வெளிநாட்டுக்கு கொண்டு போயி இங்கிலாந்து, ஜப்பான் மத்திய பேங்குங்ககிட்ட அடகு வச்சாங்க, ஜூலைல ரூபாயோட மதிப்ப ரெண்டு தவணையா குறைச்சாங்க, ஆகஸ்ட்ல மொத்த விலை ஏத்தம் 17 சதவீதம் பக்கம். எல்லாரும் 1991-ஐ பேசுவாங்க. விலைவாசிக்கு அதவிட முக்கியமான தேதின்னு நான் சொல்றது 1994 செப்டம்பர். அப்போ ரிசர்வ் பேங்க் கவர்னரா இருந்த சி. ரங்கராஜன், நம்ம லயோலால படிச்சவர், நிதியமைச்சர் மன்மோகன் சிங் காலத்துல அரசோட ஒரு ஒப்பந்தம் போட்டாரு: மூணு வருஷத்துல இந்த அட்-ஹாக் பில்ல நிறுத்தணும்னு. 1997 ஏப்ரல்ல இருந்து அது இல்ல. அதுக்கு பதிலா வரம்பு வச்ச, தவணை வச்ச கைமாத்து தான். 2003 நிதிப் பொறுப்புச் சட்டப்படி 2006 ஏப்ரல்ல இருந்து அரசு புதுசா வெளியிடுற பத்திரத்த ரிசர்வ் பேங்க் நேரடியா வாங்குறதும் நின்னுச்சு. வெளிச் சந்தைல வாங்கலாம், கொரோனா சமயத்துல நிறைய வாங்குனாங்க, "அதுவும் நோட்டு அடிக்கிறது தானே"ன்னு கேட்டீங்கன்னா அதுல நியாயம் இருக்கு, பொருளாதாரம் படிச்சவங்களே ரெண்டு கட்சியா நிக்கிறாங்க.

விலை கட்டுக்கடங்காம ஏறி நோட்டே செல்லாம போன ஜிம்பாப்வே மாதிரி நாம ஏன் ஆகலன்னா, பூட்டு போட்டது ஒரு காரணம், ஆனா எனக்கு அதவிட பெருசா படுறது வேற ஒண்ணு. பிரேசில் மாதிரி நாடுகள்ல சம்பளம், வாடகை, கடன், எல்லாத்தையும் விலைக் குறியீட்டோட கட்டிப் போட்டிருந்தாங்க. விலை ஏறுனா எல்லாம் தானா ஏறும், அதனால யாருக்கும் உடனே வலிக்கல, விலை இன்னும் ஏறும், 1990-ல ஆயிரக்கணக்கான சதவீதத்துல போயி நின்னுச்சு. நம்ம நாட்டுல டி.ஏ. கிடைக்கிற ஆளு பத்துல ஒருத்தர் இருந்தா அதிகம். மீதி பேர், கொத்தனார், பூக்காரம்மா, வயல்ல நடவு நடுறவங்க, அவங்க கூலி விலைய துரத்திக்கிட்டு பின்னாடி தான் ஓடும். அவங்களுக்கு 10 சதவீதமே தாங்காது, ஓட்டுப் பெட்டில காட்டிடுவாங்க. 1967 மெட்ராஸ்ல காட்டுனாங்க, 1998-ல வெங்காயத்துக்காக டெல்லில காட்டுனாங்க. பணவீக்கம் ரெட்டை இலக்கத்த தொட்டா எந்தக் கட்சி ஆட்சியா இருந்தாலும் நடுங்குற பழக்கம் அப்படி வந்தது. இது என்னோட கணிப்பு, நிரூபிச்ச விஷயம் இல்ல, ஆனா 70 வருஷ வரைபடத்த வச்சு பாத்தா ஏறுன ஒவ்வொரு தடவையும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல அமுக்கியிருக்காங்க.

ஒரே ஒரு தடவ மட்டும் அப்படி அமுக்கல, 2009-ல இருந்து 2013 வரைக்கும். நீங்க ஸ்கூல்ல இருந்திருப்பீங்க. அஞ்சு வருஷமா 10 சதவீதத்த சுத்தியே சுத்துச்சு. காரணம் என்னன்னா இங்க தான் சந்தேகம் ஜாஸ்தி. 2008 நெருக்கடிக்கு அப்புறம் அரசு அள்ளி விட்ட செலவு, 2009 வறட்சி, நெல் கோதுமைக்கு ஏத்திக் குடுத்த ஆதார விலை, 100 நாள் வேலையால ஏறுன கிராமத்துக் கூலி, உலகச் சந்தை உணவு விலைன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. ரிசர்வ் பேங்க் துணை கவர்னரா இருந்த சுபிர் கோகர்ன் புரோட்டீன் பணவீக்கம்னு ஒண்ணு சொன்னாரு: ஜனங்க கைல கொஞ்சம் காசு வந்ததும் சோத்த குறைச்சு முட்டை, பால், பருப்பு, கறின்னு போறாங்க, அதோட உற்பத்தி அந்த வேகத்துக்கு ஏறலன்னு. மார்க்கெட்டுல நின்னு பாத்தவங்கிற முறைல எனக்கு இது ரொம்ப சரியா பட்டுச்சு. கூலி வேலை பாக்குறவங்க வீட்டுல வாரத்துக்கு ஒரு நாள் முட்டைங்கிறது தினம்னு மாறுனத கண்ணால பாத்தோம். 100 நாள் வேலை தான் முழுக் காரணம்னு சொல்றவங்கள நான் நம்புறதில்ல, அது ஒரு பங்கு, அவ்ளோ தான்.

அதுக்கப்புறம் 2014-ல பணவீக்கத்துக்கு இலக்கு வைக்கணும்னு ரிசர்வ் பேங்கோட உர்ஜித் படேல் கமிட்டி அறிக்கை, 2016-ல ரிசர்வ் பேங்க் சட்டத்த திருத்தி பணவீக்கத்துக்கு 4 சதவீதம் இலக்கு, மேலயும் கீழயும் 2 வரைக்கும் போகலாம், மூணு காலாண்டு தொடர்ந்து தவறுனா அரசுக்கு விளக்கம் எழுதணும். 2022-ல உக்ரைன் போர் சமயத்துல தவறுனாங்க, ஏப்ரல்ல 7.79 போச்சு, லெட்டரும் எழுதுனாங்க, அந்த லெட்டர்ல என்ன இருந்துச்சுன்னு வெளியிடல. ரெப்போ, அதாவது ரிசர்வ் பேங்க் இப்போ பேங்குங்களுக்கு கடன் குடுக்கிற வட்டி, 4-ல இருந்து 6.5-க்கு ஏறுனதால உங்க ஃப்ரெண்ட்ஸ்ல யாராவது வீட்டு லோன் வச்சிருந்தா இ.எம்.ஐ. தவணை நீண்டுச்சே, அது இந்தக் கதையோட வால். 2025 அக்டோபர்ல விலை ஏத்தம் வெறும் 0.25 சதவீதம். "எங்கய்யா குறைஞ்சுது, எல்லாம் அதே ரேட்ல தானே இருக்கு"ன்னு கேப்பீங்க. ஏத்தம் நின்னுச்சு, ஏறுனது அப்படியே தான் நிக்கும்.

இப்போ உங்க ரெண்டாவது கேள்வி, அதுக்கு குறியீட்ட எப்படி எடுக்கிறாங்கன்னு தெரியணும். வாரத்துல ஒரு குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட மார்க்கெட், குறிப்பிட்ட கடை, குறிப்பிட்ட ரகம். புழுங்கல் அரிசின்னா எந்தப் புழுங்கல்ன்னு தாள்ல எழுதியிருக்கும், வேற ரகத்தோட விலைய எழுதக்கூடாது. ஜாம்பஜார்ல கடைக்காரர் நிமிந்து கூட பாக்காம "போன வாரம் எழுதுனதையே எழுதிக்க சார், இன்னா பெர்சா மாறிடப்போவுது"ம்பாரு. அத எழுதுனா வேலை முடிஞ்சுது, ஆனா ஓரமா நின்னு அடுத்து வர்ற அம்மா என்ன காசு குடுத்து வாங்குறாங்கன்னு பாத்து எழுதுறது தான் சரியான முறை, பேரம் பேசி ரெண்டு ரூபா குறைச்சிருந்தா அது தான் விலை. சோப்பு அதே ரேட்ல இருக்கும், திருப்பிப் பாத்தா 100 கிராம் 90 ஆகியிருக்கும், அத கிராமுக்கு கணக்கு போடணும். அஞ்சு ரூபா பிஸ்கட் இத்தன வருஷமா அஞ்சு ரூபாயாவே இருக்குற ரகசியம் அதான். வாடகை ஆறு மாசத்துக்கு ஒரு தடவ, அதே வீட்டுக்கு போயி கேக்கணும். அதே வீட்டுல பத்து வருஷமா இருக்கிற குடித்தனக்காரர் குடுக்கிற வாடகையும் கணக்குல வரும், நீங்க போன மாசம் வேளச்சேரில புதுசா அட்வான்ஸ் குடுத்து ஏறுன ரேட் அந்த சராசரில கரைஞ்சு போயிடும். வீட்டு மனை விலை குறியீட்டுல கிடையவே கிடையாது, அது செலவு இல்ல முதலீடுங்கிறது கணக்கு முறைப்படி சரி. ஆனா மனுஷனுக்கு வலிக்கிறது அங்க தான்.

அரிசி, பருப்பு, துணி, ஃபேன், சைக்கிள், இதெல்லாம் உங்க தாத்தாவோட சம்பளத்துக்கு இருந்தத விட உங்க சம்பளத்துக்கு ரொம்ப சல்லிசு. அறுபதுல தொழிலாளி குடும்பச் செலவுல 60 சதவீதம் சாப்பாட்டுக்கே போச்சு, 2001 தொடர்ல 46, 2016 தொடர்ல 39. மீதி எங்க போச்சுன்னா ஸ்கூல் ஃபீஸ், ஆஸ்பத்திரி, வாடகை, போன், பெட்ரோல். தாத்தாவுக்கு ரயில்வே ஆஸ்பத்திரி, ரயில்வே பாஸ், புள்ளைங்களுக்கு கார்ப்பரேஷன் ஸ்கூல், எல்லாம் சம்பளத்துக்கு வெளிய கிடைச்சுது. அந்த 300-ஐ வெறும் 300-னு எடுக்கக்கூடாது.

மனை விஷயம் இன்னும் வேற. அரிசிய உங்க காசு எவ்ளோங்கிறத வச்சு வாங்குறீங்க, மனைய பக்கத்துல நிக்கிறவன விட உங்ககிட்ட எவ்ளோ இருக்குங்கிறத வச்சு வாங்குறீங்க, ஏன்னா சைதாப்பேட்டைல நிலம் புதுசா முளைக்காது. 1970-ல இந்தியாவுல ஒரு ஆளோட சராசரி வருமானம் வருஷத்துக்கே 1,000 ரூபாய எட்டல. உங்க தாத்தா வருஷத்துக்கு 3,600. நாலு மடங்குக்கு மேல. இன்னிக்கு தேச சராசரி 2 லட்சம் பக்கம், தமிழ்நாட்டு சராசரி 3 லட்சத்த தாண்டியாச்சு, நீங்க 7.2 லட்சம். ரூபாயோட வாங்குற சக்தில தாத்தாவ விட நாலு மடங்கு மேல இருக்கீங்க, வரிசைல அவர் நின்ன இடத்த விட நல்லா பின்னாடி நிக்கிறீங்க. உங்களுக்கு முன்னாடி ஐ.டி. கம்பெனில ரெண்டு சம்பளம் வாங்குற ஜோடியும், வெளிநாட்டுல இருந்து காசு அனுப்புறவங்களும், கணக்குல காட்டாத பணத்த நிலத்துல போடுறவங்களும் நிக்கிறாங்க. 1974 மாதிரி விலைவாசி ஏறி உங்கள தோக்கடிக்கல, வரிசை நீண்டு தோக்கடிக்குது.

இன்னொரு கசப்பான விஷயம், தாத்தா வீடு கட்டுனதுல பணவீக்கம் அவருக்கு ஒத்தாசை பண்ணியிருக்கு. அந்தக் காலத்து சொசைட்டி லோன், ஆபீஸ் லோன், எல்லாம் வட்டி மாறாத லோன். உதாரணத்துக்கு 1970-ல மாசம் 60 ரூபா தவணைன்னா சம்பளத்துல அஞ்சுல ஒண்ணு. 1980-81-ல குறியீடு 401, டி.ஏ.-யோட சம்பளமும் ரெண்டு மடங்கு ஆகியிருக்கும், தவணை அதே 60, இப்போ பத்துல ஒண்ணு. மீதிய யாரு கட்டுனாங்கன்னா நான் மேல சொன்ன போஸ்ட் ஆபீஸ் டெப்பாசிட்காரரும் பாலிசிக்காரரும் தான். உங்க லோன் ரெப்போவோட சேந்து ஏறும், பணவீக்கமும் முன்ன மாதிரி ஏறல, அந்த சலுகை உங்களுக்கு இல்ல.

தங்கத்த வச்சு யாராவது "பாத்தியா ரூபா எவ்ளோ விழுந்துச்சு"ன்னு கணக்கு காட்டுனா அத அப்படியே எடுத்துக்காதீங்க. 1970-ல 10 கிராம் 200 ரூபாய்க்குள்ள தான், ஆனா அன்னிக்கு உலகத்துல தங்கம் அவுன்ஸ் 35 டாலர்னு கட்டிப் போட்டிருந்தாங்க, 1971-ல அமெரிக்கா அந்தக் கட்ட அவுத்து விட்டதுக்கு அப்புறம் ஏறுனதுல நம்ம பணவீக்கத்தோட பங்கு ஒரு பகுதி மட்டும் தான்.

வேற வருஷத்துக்கு நீங்களே கணக்கு போடணும்னா வழி சுலபம். லேபர் பீரோ சைட்ல அந்த வருஷக் குறியீடு எந்தத் தொடர்ல இருக்குன்னு பாருங்க. 2001 தொடர்னா 2.88-ஆல வகுத்து 2016 தொடருக்கு கொண்டு வாங்க, 1982 தொடர்னா முதல்ல 4.63, அப்புறம் 2.88, 1960 தொடர்னா அதுக்கும் முன்னாடி 4.93. கடைசியா இன்னிக்கு குறியீட்ட வந்த எண்ணால வகுத்தா எத்தன மடங்குன்னு வந்துடும். தாத்தாவோட பழைய சம்பளச் சீட்டு வீட்டுல எங்கயாவது கிடைச்சா அடிப்படைச் சம்பளம் தனி, டி.ஏ. தனின்னு இருக்கும், ரெண்டையும் சேத்து போடுங்க, அடிப்படைய மட்டும் எடுத்தா தப்பா வரும்.